செம்மங்குப்பத்துப் புகைக்குக் கிள்ளையில் ஒரு காடு

என் பிரியமான மாமா,

அங்கேயாவது இருமாமல் தூங்குகிறீர்களா? கடைசி மழைக்காலத்தில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினீர்கள். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் பக்கத்திலேயே நின்ற உடம்பு. டாக்டர் காரணத்தை மட்டும் எழுதித் தரவேயில்லை.

உங்கள் அஸ்தியைக் கிள்ளைக் கழிமுகத்தில் கரைத்தோம். நான் ஆட்களை வைத்துக் கண்டல் கன்றுகள் நடும் சதுப்பு அதை ஒட்டித்தான் இருக்கிறது. அமாவாசைதோறும் அக்கா செம்மங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து அங்கே வருவாள். கன்றுகளுக்கு நடுவே நின்று, "அவுரு இங்கதான்டா நல்லா மூச்சு விடுறாரு" என்பாள்.

போன கோடையில் அந்த இடத்துக்குச் சோதனை வந்தது. கடல்நீர் உள்ளே வரும் வாய்க்கால்கள் தூர்ந்துபோயின. நடவுத் திட்டத்துக்கு வந்த பணமும் நின்றுவிட்டது. நடவு வேலை பார்க்கும் அஞ்சலை ஒரு கன்றைப் பிடுங்கிக் காட்டினாள். வேர் கறுத்திருந்தது. "வாய்க்கா வெட்டலன்னா எல்லாம் போயிடும்ணே" என்றாள்.

அப்போதுதான் ஒருவர் வந்தார் மாமா. உங்கள் கம்பெனியிலிருந்து.

"வாய்க்கால், பராமரிப்பு எல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார். அங்க எங்க போர்டு ஒண்ணு நிக்கும், உங்க காடு உறிஞ்சுற கார்பன் எங்க கணக்குல வரும், அவ்வளவுதான்."

"அங்க புகை கொறையுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. "புகை அப்படியேதான் சார் இருக்கும். இங்க மரம் வளருதில்ல, அதுல ஈடாயிடும்."

எது எதற்கு ஈடு மாமா?

அவரை அனுப்பிவிட்டுச் செம்மங்குப்பத்துக்கு, அக்காவிடம் போனேன். காற்று திரும்பிக் கம்பெனிப் புகை வீட்டுப் பக்கம் வரும் நேரம். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியை அடைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் மகள் கயலுக்கும் இப்போது இருமல். உள்ளே புத்தகத்தோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா திரும்பவில்லை. பிறகு கேட்டாள்: "நீ ஒத்துக்கலன்னா மரம் செத்துப்போயிடுமா?"

"ஆமாக்கா."

"அப்போ கையெழுத்துப் போட்டுடு. மரம் என்னடா பாவம் பண்ணுச்சி?" துணியை இன்னும் உள்ளே அழுத்தினாள். "ஆனா அவுங்க போர்டு நிக்கிற எடத்துல வந்து என்னால அவரக் கும்புட முடியாது. இனிமே என்னை அங்க கூப்புடாத."

போட்டேன். ஐப்பசி மழைக்கு முன் வாய்க்கால்கள் வெட்டியாயிற்று. கடல் ஓதம் உள்ளே ஏறியது. செத்தவை போக மிச்சக் கன்றுகள் பிழைத்தன. சேற்றில் நண்டு வளைகள்கூட வந்துவிட்டன. இதையெல்லாம் பார்த்து நான் சந்தோஷப்படலாமா? சில நாள் படுகிறேன். அப்புறம் அந்தப் பச்சை போர்டு கண்ணில் படுகிறது.

கம்பெனியில் இன்னொரு பாய்லர் வைக்கிறார்களாம். காட்டைக் காட்டித்தான் அனுமதி கேட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அக்கா சொன்ன சொல்லை மாற்றவில்லை. அமாவாசையன்று வீட்டிலேயே விளக்கேற்றுகிறாள். கழிமுகத்தில் நான் மட்டும் உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். நீங்கள் யாரைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தை மாதம் மரங்களை அளந்து கார்பன் கணக்குப் போட ஆட்கள் வருகிறார்கள். கடலூரிலிருந்து வரும் சாலை செம்மங்குப்பத்தில் நம் வீட்டைத் தாண்டித்தான் கிள்ளைக்கு வருகிறது. அந்த இடத்தில் எல்லாரும் புகைக்குப் பயந்து கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இவர்களை நான் போக விடமாட்டேன். வண்டியை நிறுத்தி, நம் கூடத்தில் உட்கார வைத்து, காற்று திரும்பும்வரை பேசிக்கொண்டிருப்பேன். கயல் இருமுவதை அவர்கள் கேட்கட்டும். அதன் பிறகுதான் காட்டுக்குக் கூட்டிப்போவேன். ஒவ்வொரு வருஷமும், யார் வந்தாலும். இது சத்தியம் மாமா.

உங்கள் மச்சினன்,
குமரவேல்
கிள்ளை