தெற்குச் சுவர்

மே 6, புதன்

கத்திரி வெயில். ஃபேன் போட்டால் அனல்தான் சுற்றுகிறது. வீட்டை மாற்றிக் கட்டும் பேச்சு மறுபடியும். மாப்பிள்ளை போனை நீட்டிப் படம் காட்டினார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி.

"அத்தே, ஃபாரின் ஸ்டைலு. போட்டா சும்மா கெத்தா இருக்கும்."

பனி கொட்டுகிற ஊருக்குச் சரி. அயனம்பாக்கத்தில் போட்டால் உள்ளே நான் இட்லி மாதிரி வேக வேண்டியதுதான். மாப்பிள்ளையிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வானேன்.

வாங்க: உப்பு, ஊதுவத்தி, மோர்மிளகாய்.

மே 7, வியாழன்

இன்ஜினியர் பெண் வந்தாள். கெட்டிக்காரி. கண்ணாடி வேண்டாம் என்றாள், மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. மாடிக்கு வெள்ளை டைல்ஸ், மேற்கே நீளமாக சன்ஷேடு. பிறகு ஹாலில் தெற்குச் சுவர் முன் நின்றாள்.

"ஏரிக் காத்து இந்தப் பக்கம்தானே ஆன்ட்டி வரும்? இங்க ஜன்னலே வைக்காம எப்படிக் கட்டினாங்க?"

மகள் கவிதா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஜன்னல் இருந்தது. போன வருடம் அவர் போனது அவிட்ட நட்சத்திரத்தில். அடைப்பு நாள் என்றார் ஐயர். வாசல் வழியாக எடுத்துப்போனால் போனவர் அதே வழியில் திரும்பி வருவாராம். ஜன்னலைப் பெயர்த்து, கீழே சுவரையும் உடைத்து, அந்த வழியாக என் கணவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயந்திரமே செங்கல் வைத்துப் பூசியாகிவிட்டது. அன்றோடு வீட்டில் காற்றும் இல்லை.

மே 9, சனி

மதியம் முழுக்க கரண்ட் இல்லை. எல்லாச் சுவரும் கொதிக்க, அடைத்த இடம் மட்டும் சில்லென்று. முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இருமல். அவருடைய இருமல்தான், கடைசியில் ஒரு கனைப்போடு. ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்தில் யாரும் இல்லை.

முன்பெல்லாம் விளக்கை அணைக்கவே பயம். இப்போது பயம் இல்லை. வாசல் தெரியாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறாரோ, இந்த வெயிலில், என்ற நினைப்புத்தான் தாங்கவில்லை.

மே 10, ஞாயிறு

ஜன்னலைத் திறந்துவிடலாம் என்றேன். கவிதா அழுதாள்.

"அப்பாவை அனுப்பிச்ச வழிம்மா அது. புள்ளைங்க வந்து போற ஊடு. ஏசி போட்டுக்கோயேன்."

திறந்தால் பட்டாபிராமிலிருந்து பேரன்களைக் கூட்டி வர மாட்டாளாம். சொன்னால் செய்கிறவள். அவள் அப்பா மாதிரி.

சாப்பிடவில்லை. துணி மடிக்கவில்லை.

மே 12, செவ்வாய்

வெள்ளனவே மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒடச்சிப் பூசின மாரி கீதே. அடைப்பாம்மா?"

ஆமாம் என்றேன். கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார்.

"எங்க நைனாவுக்கும் இப்டிதான் செஞ்சோம். தொறந்தா வந்துருவாங்கன்னு சொல்றாங்க. ஒனக்குப் பரவால்லியா?"

"ஒடைங்க."

சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். நாலைந்து செங்கல் விழுந்ததும் ஏரிக் காற்று. காலண்டர் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. கவிதாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை.

ஓட்டையை அளந்துகொண்டே மேஸ்திரி கேட்டார்: "கிரில்லு இன்னா டிசைன்மா? பூ வெச்சதா, வெறும் கம்பியா?"

கிரில் வேண்டாம் என்றேன்.