முதலிலேயே ஊற்ற வேண்டிய சாறு

என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மகள் இதை வாசிக்கும்போது தூங்கிவிடாதீர்கள்.

போனில் என் குரலைக் கேட்டு, "யாரு, வேலைக்காரியா?" என்றீர்களே, அதில் தப்பில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடித் தட்டு கழுவுகிறவள்தானே நான்.

அந்தத் தட்டுகளில் மூளைச் செல் வளர்க்கிறார்கள். இலைச் சாறு ஊற்றினால், செல்லைக் காவல் காக்கிற என்சைம்கள் கூடுமாம். பிறகு விஷம் விட்டாலும் பாதிக்குமேல் பிழைக்குமாம். எனக்கு ஆசை வந்துவிட்டது.

"ஒரு குப்பி குடுங்கம்மா, எங்க வீட்டு மகாராஜாவுக்கு அனுப்பணும்" என்று ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

மகளே, அடுத்த வரியை அப்பாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிடு.

"மனுஷங்களுக்கு இன்னும் குடுத்துப் பார்க்கலக்கா. தட்டுலயே விஷத்துக்கு முன்னாடி ஊத்தினாத்தான் பலன் உண்டு. செல் செத்தப்புறம் ஊத்தி என்ன பண்றது?"

சிரித்து வைத்தேன். நாம் சண்டை போட்டே கழித்த வருஷங்களில் எவரும் இதை வந்து சொல்லவில்லை.

அப்பாவுக்கு தினமும் என் போட்டோவைக் காட்டு. கல்யாணப் போட்டோ வேண்டாம், அதில் இருப்பவளை எனக்கே அடையாளம் தெரியாது.

வேலைக்குப் போகிற வேன் வந்துவிட்டது. எனக்கு லீவு கிடைக்க ஒன்பது மாதம் ஆகும். அப்போது ஒருத்தி பெட்டியோடு வாசலில் வந்து நிற்பாள். யாரென்று தெரியாவிட்டாலும் உள்ளே வரச் சொல்லுங்கள்.