வாய் தவறிய பொறாமை

அன்புள்ள கெசிம்,

உங்கள் முதுகுவலி தேவலையா? இங்கே இத்தாலியில், பொலோஞாவில் எனக்கு ஒரு குறையுமில்லை.

ஆலோசனைக்கு வரும் ஒரு பெண், பெயர் சொல்லக்கூடாது, "என் புருஷன் ஒரு நிமிஷம்கூட என்னை விட்டு நகரமாட்டேங்குறாரு" என்றாள். என் புருஷன் நீங்கள் தூரத்தில் ஊரிலேயே இருக்கிறீர்களே என்று எனக்குப் பொறாமை பொங்கியது. "கொடுத்து வச்சவங்க!" என்றுவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மூத்த ஆலோசகர் ஒரியெத்தாவிடம் சொன்னேன். "பொறாமை உன்னோடது. அதை ஏன்டி அவ தலையில கட்டுற?" என்று திட்டினார்.

மறுவாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான் மனம் திறந்தாள். புருஷன் கடைக்குக்கூடத் தனியாக விடமாட்டானாம். அப்போதும் வாசலில்தான் நின்றிருந்தான். எங்கள் உதவியால் அவனிடமிருந்து தப்பி, இப்போது தன் தங்கை வீட்டில் பத்திரமாக இருக்கிறாள்.

ஆனாலும் பக்கத்து வீட்டுத் தம்பதி சிரித்தால் எனக்கு வயிறு எரிகிறது. நம்மூர் மலைத்தேநீர் இலையை உங்கள் கம்பளிச் சட்டையில் சுற்றி அனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மிச்சம் அடுத்த கடிதத்தில்.

உங்கள் வல்போனா