நாலாவது துண்டு

ஆனி 1, ஞாயிறு

மலைமேல் மேகம். நல்ல காற்று. வெயில் இல்லை, படமும் இல்லை. தோப்பில் ஒத்திகை மட்டும். முக்காலியை ஒரே இடத்தில் வைத்து, கேமராவை ஐந்து முறை திருப்பினால் தோப்பும் மலையும் அடங்கும். ஐந்து பிரிண்டையும் ஒட்டினால் ஒரே நீளப் படம். ரங்கூனிலிருந்து அண்ணன் கேட்டது. "உன் மதினிக்குப் பாப்பா மரம் தெரியணும்டா" என்று எழுதியிருந்தார். ஒரு வயதில் போன அவர்கள் பிள்ளையைப் புதைத்த இடத்தில் அவர் வைத்த மாங்கன்று. இப்போது நல்ல மரம்.

ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரிய, நாலு மரத்தடியில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். இடுப்பு வலி.

ஆனி 4, புதன்

ஆபீசில் இருந்தபோது ஆள் வந்தது. ஓடினேன். பாப்பா மரம் கீழே கிடக்கிறது. மற்ற மூன்றையும் தொடுமுன் நிறுத்தினேன்.

காய்க்காத கிழட்டு மரங்களை வெட்டத் தோப்பு வேலையாள் சோலையிடம் சொல்லியிருந்தேன். "பெறகு அடையாளம் போடுறேன்" என்றும் சொல்லியிருந்தேன். அவன் அழாக்குறை. "சுண்ணாம்பு போட்ட மரத்தத்தேன ஐயா வெட்டுவோம்? எங்கயும் அதான வழக்கம்?"

அதுதான் வழக்கம். எனக்கும் தெரியும். படம் எடுக்கும் நினைப்பில் புத்தி எங்கே போனதோ.

ஆனி 8, ஞாயிறு

வெயில். நாலே படம். பாப்பா மரம் நின்ற நாலாவது திருப்பத்தைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய்விட்டேன்.

ஆனி 17

மதுரையில் கழுவிய பிரிண்டுகள் வந்தன. மூன்றையும் ஐந்தையும் ஒட்டினால் மலைமுகடு சேரவில்லை. வெட்டி, பென்சிலால் தடவிச் சேர்த்தேன். பசை வாங்க வேண்டும்.

ஆபீசில் கை மாறிக் கை பார்த்தார்கள். "இங்கன நிண்டு பாத்தாப்லயே இருக்கே!" என்றார் ஹெட்கிளார்க். சிரித்து வைத்தேன்.

வீட்டில் மனைவி மீனாட்சி ஒரு தடவைதான் பார்த்தாள். "ரங்கூன் அக்கா கண்ணு மொதல்ல அங்கனதேன் போகும்" என்றாள். இருந்தும் தபாலில் போட்டேன். கோழைத்தனம்.

ஆடி 23

கடிதம். மதினியே எழுதியிருக்கிறார்கள்.

"படம் பார்த்தோம். அவுக ரெண்டு நாளா கீழ வைக்கல. மூணாவது துண்டுக்குப் பெறகு மலையில ஒரு மடிப்பக் காணோம். பாப்பா மரம் அங்கனதான இருக்கு? அந்த ஒரு துண்டு மட்டும் எடுத்து அனுப்புங்க கொழுந்தனாரே. நான் இங்க ஒட்டிக்கிறேன்."

கடிதத்தை மீனாட்சியிடம் கொடுத்தேன்.

ஆடி 25, ஞாயிறு

காற்று. அரை வெயில். மீனாட்சியும் தோப்புக்கு வந்தாள். "வெறுங்கட்டைய மட்டும் பாத்தா அக்கா தாங்க மாட்டாக. நானும் பக்கத்துல நிக்கிறேன்."

கோட்டுக்குச் சற்று மேலேதான் வெட்டியிருக்கிறான். மழையில் பாதி கரைந்தும் வெள்ளை தெரிகிறது. மீனாட்சி குனிந்து அதைச் சுரண்டப் போனாள். வேண்டாம் என்றேன். அதுவும் படத்தில் விழட்டும்.