பெண்கள் வரிசைக்கு ஐம்பத்தைந்து நிமிடம்

மேலகரம்
2-6-2025

அன்புள்ள ஸ்ரீதேவிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, துணிதான் காயமாட்டேன் என்கிறது. போன மாதம் இரண்டாவது பாட்டுக்காக நாம் போனில் போட்ட சண்டையில் என் மாமியாரே பயந்துபோனார். நாடக விஷயம் இனிமேல் கடிதத்தில்தான் என்று நீ சொன்னாயே, எனக்கும் சம்மதம். நான் எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது.

செய்திக்கு வருகிறேன். நம் 'பெண்கள் வரிசை'யை சென்னையில் நடக்கும் சிறுநாடக விழாவில் எடுத்துக்கொண்டார்கள்! ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை மாலை நான்கு மணி. எழுபது பேர் உட்காரும் அறை. ஐம்பத்தைந்து நிமிடம்தான். ஒரு நிமிடம் கூடினாலும் விளக்கை அணைத்துவிடுவார்களாம், அடுத்த குழு வாசலில் காத்து நிற்குமாம். நம்முடையதோ எண்பது நிமிடம். அருவியில் குளிக்க வரிசையில் நிற்கும் நான்கு பெண்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. இதில் யாரை வரிசையை விட்டுப் போகச் சொல்ல?

ஒத்திகைக்கு நம்பிராஜன் அண்ணாச்சி அவருடைய லாட்ஜ் மொட்டைமாடிக் கொட்டகையைச் சும்மாவே தந்திருக்கிறார். பேரருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசிப் பாட்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டாள். பெயர் சந்தனமாரி, குத்துக்கல்வலசைக்காரி. அருவிக்குப் போகிற வழியில் துண்டும் சீயக்காயும் விற்கிறாள். பாட்டுப் படித்தவள் இல்லை. ஆனால் அவள் பாடினால் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவாய்.

அந்தப் பாட்டுக்கு மெட்டு எங்கே? மூன்று வாரமாகக் கேட்கிறேன். நகைக்கடை விளம்பரம் என்றால் மூன்று மணி நேரத்தில் போட்டுக் கொடுக்கிறாய்.

இதற்கு முன் இரண்டு இசைநாடகம் செய்தோம். ஒன்று மேடையே ஏறவில்லை, இன்னொன்று ஒரே நாளோடு போயிற்று. இதுவும் போனால் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. தெம்பில்லை, அவ்வளவுதான்.

உன்
அனுசியா


அம்பத்தூர்
30-6-2025

அருமை அனுசியா,

கடைசிப் பாட்டின் மெட்டு போன வாரமே போனில் வந்திருக்கும். தாமதத்துக்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நகைக்கடையை இழுக்காதே. அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

நான்கு பெண்களும் வரிசையில் நிற்கட்டும். பேச்சைக் குறை. நீ எழுதிய வசனத்தில் ஒவ்வொருத்தியும் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். அதை எடுத்தாலே பத்து நிமிடம் மிச்சம்.

நீ அனுப்பிய ஒத்திகைப் பதிவைக் கேட்டேன். பின்னால் ஏதோ மாவு மில் ஓடுவதுபோல் ஒரே இரைச்சல். அது என்ன மெஷின்? அதைவிடப் பெரிய விஷயம், நான்கு பேரும் கத்துகிறார்கள். சந்தனமாரி குரல் நல்ல குரல்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பாட்டு, புருஷன் போன பிறகு முதல்முறையாகத் தனியாகக் குளிக்க வருகிறவள் தண்ணீரிடம் சொல்வது. அதைக் காதோடு காதாகப் பாட வேண்டும். அப்படி நினைத்துத்தான் கீபோர்டில் இரண்டே விரலால் வாசிக்கிற மாதிரி போட்டிருக்கிறேன்.

உன் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடச் சொல். தயவுசெய்து.

உன் ஸ்ரீதேவி


மேலகரம்
12-7-2025

ஸ்ரீதேவிக்கு,

அது மெஷின் இல்லை. அருவி.

இதை எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பதினெட்டு வயது வரைக்கும் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு அது மாவு மில்லாகத் தெரிகிறதா? சந்தனமாரியிடம் சொன்னேன். சிரித்தாள். "அக்காவுக்கு ஊரு மறந்துபோச்சு போல" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அங்கே எந்த இரைச்சலும் கேட்கவில்லை. யாரும் கத்தவும் இல்லை. வாய்விட்டுப் பாடுகிறார்கள். இங்கே பெண்கள் அப்படித்தான் பாடுவார்கள். சென்னையில் மைக்கைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு உனக்குக் காது அப்படி ஆகிவிட்டது. கொட்டகையை விட்டு வேறு எங்கேயும் போகமாட்டேன். சந்தனமாரி கடையை விட்டு அரைமணி நேரம்தான் வர முடியும். மேலகரம் வகுப்பறைக்கு அவளை யார் கூட்டிவந்து கொண்டுவிடுவது? நீயா?

நீ ஒருதரம் வந்து பார்த்திருக்கலாம். "வாரேன் வாரேன்" என்று சொல்லி இரண்டு மாதம் ஓடிவிட்டது. பெருமூச்சையெல்லாம் வெட்டிவிட்டேன். ஐம்பத்து நான்கு நிமிடம் வருகிறது.

அனுசியா


அம்பத்தூர்
2-9-2025

அன்புள்ள அனுசியா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நாடகத்தன்று நீ சந்தனமாரியைக் கைப்பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாய். திரும்பிப் பார்க்கவில்லை.

நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனாலும் கீபோர்டு பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். நம் குழுவுக்கு மேடையில் ஒத்திகை பார்க்கத் தந்தது இருபது நிமிடம், அது விளக்குக்கே போய்விட்டது. பாட்டை நான் முதன்முதலாக நேரில் கேட்டதே ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான். முதல் பாட்டிலேயே முன்வரிசையில் ஒரு அம்மா காதைப் பொத்தினார். இரண்டாவதில் யாரோ சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். கடைசிப் பாட்டைச் சந்தனமாரியும் அதே குரலில் எடுத்தாள்.

கூட்டிவந்த கை இல்லை,
குளிரச் சொல்ல ஆளில்லை,
கைப்பிள்ளையாய் எண்ணி என்னை...

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கையை எடுத்துவிட்டேன். எழுபது பேர் முன்னால், "மெதுவாப் பாடு, மாரி" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, ஐம்பத்தைந்து நிமிடம் முடிந்து விளக்கு அணைந்துவிட்டது. பாட்டை யாருமே முழுதாகக் கேட்கவில்லை.

நிறுத்தியது தப்பு. ஆனால் ஜூன் மாதமே சொன்னேன், நீ கேட்கவில்லை. இரண்டும் உண்மைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. புதுச்சேரியில் ஜனவரியில் நடக்கிற விழாவின் ஆள் ஒருவர் அன்று வந்திருந்தார். கதையும் மெட்டும் பிடித்திருக்கிறதாம். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பயிற்சி உள்ள பாடகி வேண்டும் என்கிறார். என் பதிவுகளில் பாடுகிற சஃப்ரினைச் சொன்னேன். ஒப்புதல் தாளை இதோடு வைத்திருக்கிறேன். எழுதியவர், இசை அமைத்தவர், பாடுகிறவர் என்று மூன்று இடம் இருக்கிறது. உன் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நம் மூன்று நாடகத்தில் ஒன்றுக்கு இரண்டாவது மேடை கிடைப்பது இதுதான் முதல்தடவை, அனுசியா. கோபத்தில் இதைக் கெடுத்துவிடாதே.

ஸ்ரீதேவி


மேலகரம்
20-9-2025

ஸ்ரீதேவிக்கு,

தாள் கிடைத்தது. பத்து நாள் மேஜையிலேயே கிடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தனமாரியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஏழாம் வகுப்பு அறை. ஜன்னல் எல்லாம் சாத்தினேன். அவளுடைய பாட்டைப் பாடச் சொன்னேன். அவள் வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தினாள். நிஜமாகவே கத்தினாள், ஸ்ரீதேவி. கொட்டகையில் அத்தனை நாளும் அருவிக்கு மேலே குரல் எழுப்பியிருக்கிறார்கள். எனக்குத்தான் அருவி கேட்கவே இல்லை. உனக்கு ஊர் மறந்துவிட்டது என்று எவ்வளவு எகத்தாளமாக எழுதினேன்! தினமும் இங்கேயே இருக்கிற எனக்குத்தான் காதில் விழவில்லை. நீ சொன்னது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது மீதியையும் கேள். மெதுவாகப் பாடு என்றேன். அவள் டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவாப் பாடுனா எனக்கு அழுக வருதுக்கா. அதான் சத்தமாப் பாடுதேன்" என்றாள். அவள் வீட்டுக்காரர் தவறிப்போய் நான்கு வருடம் ஆகிறது. இத்தனை மாதம் கூட இருந்தேன், கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

பிறகு அவளே கேட்டாள்: "அன்னைக்கு அங்கன அந்தக்கா நிறுத்துனப்பம் நான் எந்த வரியில நின்னேன்?"

மூன்றாவது வரி என்றேன். அந்த வரியிலிருந்து எடுத்தாள். மெதுவாக. அழுதாள், அழுதுகொண்டே "கழுவிவிடு தண்ணீரே" என்று முடித்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். கேட்டது நான் ஒருத்திதான். மெட்டு நன்றாக இருக்கிறது. இரண்டு விரல் போதும் என்று நீ நினைத்ததும் சரிதான்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் பாடுகிறவர் என்ற இடத்தில் சந்தனமாரி என்று எழுதியிருக்கிறேன். சஃப்ரின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இந்தப் பாட்டு அவளுக்கு இல்லை. உன்னால் இதற்குக் கீழே கையெழுத்துப் போட முடிந்தால் போடு. முடியாவிட்டால் இனிமேல் நாம் கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொள்வோம். நாடகம் வேண்டாம்.

அனுசியா


அம்பத்தூர்
3-10-2025

ஏட்டி அனுசியா,

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சஃப்ரின் இல்லையென்றால் இடம் இல்லை என்று பதில் வந்தது. சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அன்று முழுவதும் உன்மேல் எரிச்சலாக வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. கையில் கிடைத்த மேடையை விட்டுவிட்டோம், இனி எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை தென்காசியில் இறங்குகிறேன். சந்தனமாரியிடம் நானே சொல்ல வேண்டியது இருக்கிறது. அவள் கடைக்கே போகிறேன், அவளை எங்கேயும் வரச் சொல்லாதே. கீபோர்டு கொண்டுவரவில்லை. பாட மனசிருந்தால் மூன்றாவது வரியிலிருந்து வேண்டாம், முதல் வரியிலிருந்து பாடட்டும். சத்தமாகவோ மெதுவாகவோ, அவள் இஷ்டம். முடிகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

ஸ்ரீதேவி