துணிக்கடைக்கு வந்த நாலு ஸ்டூல்

புதுக்கோட்டை

அன்புள்ள ஷமீமா,

நம் துணிக்கடைக்கு ஸ்டூல் வந்துவிட்டது. சேலைப் பிரிவுக்கு மட்டும் நாலு. நாள் முழுக்க நிற்க வைத்து வேலை வாங்குவது சட்டப்படி தப்பு என்று லேபர் ஆபீசர் முதலாளியிடமே சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டால் சிரிப்பாய். காலையிலிருந்து ஒருத்தியும் உட்காரவில்லை. பிரித்த சேலைகளை அதன்மேல் அடுக்கிவிட்டோம். மத்தியானம் சூப்பர்வைசரே வந்து, "உக்காருங்கம்மா, ஆபீசர் திரும்ப வந்தா நாந்தான பதில் சொல்லணும்" என்று கத்தினார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கடைக்குள் உட்கார்ந்தேன். மனசு உன்னைத்தான் கையெடுத்துக் கும்பிட்டது.

அன்றைக்கு முதலாளி, ஸ்டூல் கேட்டு லேபர் ஆபீசுக்குப் போன பெயர் போடாத புகாரின் நகலை நீட்டி, "இதை எழுதுனது யாரு?" என்றார். "நாந்தாங்க" என்றாய் நீ. அன்றே வேலை போய், தனியாக இலுப்பூர் பஸ் ஏறினாய். என் மகளுக்கு அது காலேஜ் கடைசி வருஷம். நான் குனிந்து சேலை மடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புகாரை எழுதிய கை என்னுடையது என்று உனக்குத் தெரியும்.

மகள் போன வாரம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன்னைத் திரும்ப எடுக்கச் சொல்லி லேபர் ஆபீசுக்கு இன்று இன்னொரு மனு கொடுத்தேன். இந்த முறை கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

உன் பக்கத்து கவுண்டர்க்காரி