இருபத்து நான்கு சொற்களும் உங்கள் கையில்

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முடிந்துவிட்டன. ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசிவிட்டோம். இதையெல்லாம் முதலில் எழுதுவது, சொல்ல வந்ததைச் சொல்லப் பயமாக இருப்பதால்தான். "சுத்தி வளைக்காதட்டி, நேரா விசயத்துக்கு வா" என்பீர்கள். வருகிறேன்.

உங்கள் ஹார்டுவேர் வாலட் திறக்கவில்லை.

அது பார்சலில் வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? ஆராதனை முடிந்து வந்ததும், சாப்பாட்டைக்கூட அப்புறம் பார்க்கலாம் என்று பிரித்தீர்கள். பென்டிரைவ் அளவுக்கு ஒரு சாமான். யாரும் முன்னாலேயே திறந்திருக்கிறார்களா என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ஊரில் எல்லாரும் நகை வாங்குவார்கள், மனை வாங்குவார்கள். நீங்கள் நம் பிள்ளை ஷைனியின் படிப்புக்கென்று சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கி, கண்ணுக்கே தெரியாத பிட்காயின் வாங்கினீர்கள்.

"இந்தத் துக்கடாவுக்குள்ளயா அவ்வளவும் இருக்கு?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ள பணம் இல்லட்டி. அதெல்லாம் இன்டர்நெட்டுல கிடக்கு. அத எடுக்குத சாவி மட்டுந்தான் இதுக்குள்ள இருக்கு."

எட்டு இலக்கத்தில் ஒரு பின் நம்பர் போட்டீர்கள். மூன்று தடவை தப்பாகப் போட்டால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்றீர்கள். பிறகு அதன் சின்னத் திரையில் ஒவ்வொன்றாக இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள் வந்தன. நீங்கள் ஓர் அட்டையில் எழுதினீர்கள். நான் உதவி செய்வதாக நினைத்துப் போனைத் தூக்கினேன். பாய்ந்து பிடுங்கினீர்களே! "போட்டோ எடுத்தா ஊருக்கே சாவியக் குடுத்த மாதிரி. இந்தச் சாமான் தொலஞ்சாலும் பயமில்ல. இருவத்தினாலு வார்த்தையும் இருந்தா வேற ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் எடுத்துரலாம். ரெண்டும் போச்சின்னா அவ்வளவுதான், யாரு வந்தாலும் எடுக்க முடியாது."

அதோடு விட்டீர்களா? வேண்டுமென்றே மூன்று தடவை தப்பு நம்பர் போட்டு அழித்தீர்கள். அட்டையைப் பார்த்துச் சொற்களை மறுபடி ஏற்றி, எல்லாம் திரும்பி வருகிறதா என்று சோதித்தீர்கள். அதற்குப் பிறகுதான் நாணயத்தை அதற்கு மாற்றினீர்கள். விருந்துச் சமையலில் உப்புப் பார்ப்பவர்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்.

அட்டையை எங்கே வைப்பது என்று மாலை வரை யோசனை. கருவி இருக்கும் பீரோவில் வைக்கக் கூடாது. கடைசியில் நீங்களே கேட்டீர்கள்: "நம்ம வீட்டுல கள்ளன் கை வைக்காத சாமான் எது, சொல்லு பாப்போம்?" உங்கள் வேதப்புத்தகத்தின் பின்னட்டைக்கும் உறைக்கும் நடுவில் அட்டையைச் சொருகினீர்கள். இன்னொரு அட்டையில் என்னையும் எழுதச் சொன்னீர்கள், ஆழ்வார்குறிச்சியில் எங்கள் அப்பா வீட்டில் வைப்பதற்கு. "அடுத்த தடவ போகும்போது எழுதிக்கிடலாம்" என்றேன். அப்படியே சொல்லிச் சொல்லி இரண்டு வருடம் ஓட்டினேன்.

அந்த நவம்பரில் ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டீர்கள். பெட்டியை மூடும் முன், அவரவர் வாசித்த வேதத்தை அவரவர் கையில் வைப்பது நம் வீட்டு வழக்கம். மாமாவுக்கும் அப்படித்தான் வைத்தோம். உங்கள் அம்மா உங்கள் வேதத்தை நெஞ்சின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அட்டை நினைவுக்கு வரவே இல்லை. வந்திருக்குமா யாருக்காவது?

மே மாதம் ஷைனிக்குக் கோயம்புத்தூரில் பிசியோதெரபி சீட் கிடைத்தது. கருவியை எடுத்தேன். பின் நம்பர் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். போட்டேன், தப்பு. ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசி இரண்டு எண்களை மாற்றிப் போட்டேன். அதுவும் தப்பு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்று காட்டியது. சரி, அட்டையைப் பார்ப்போம் என்று அலமாரியில் கையை விட்டேன். உங்கள் வேதம் இருக்கும் இடம் காலியாக இருந்தது. கையை எடுக்கத் தோன்றாமல் அங்கேயே நின்றேன்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு உங்கள் தம்பி டேவிட்டிடம் சொன்னேன். "மதினி, உறைக்குள்ளதான இருக்கு? நனஞ்சிருக்காது. அனுமதி வாங்கிக் கல்லறையத் திறந்துரலாம்" என்றார். இதை அடுப்படியிலிருந்து அத்தை கேட்டுவிட்டார்கள். "எம் பேத்தி படிப்ப நானே மண்ணுக்குள்ள வச்சி மூடிட்டேனே" என்று உட்கார்ந்தவர்கள், நான்கு நாள் காப்பியைத் தவிர எதுவும் தொடவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து வந்தார்கள். "தோண்டுங்க. நானே வந்து நிக்கேன். வேற யாரும் அவனத் தொட வேண்டாம். நானே எடுக்கேன்."

பாஸ்டர் வீட்டுக்குப் போனோம். டேவிட் மனு எழுதி வைத்திருந்தார். "சர்க்கார் அனுமதியும் வேணும். ஆனா மொதல்ல மனைவி கையெழுத்துப் போடணும். நல்லா யோசிச்சிப் போடுங்கம்மா" என்று பாஸ்டர் பேனாவை நீட்டினார்.

மறைக்க மாட்டேன் அத்தான், எனக்கும் ஆசை இருந்தது. பிள்ளையின் படிப்பு இல்லையா? பேனாவை வாங்கினேன். அத்தையைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளால் உங்கள் விரல்களைப் பிரித்து எடுப்பதாக இருந்தார்கள், தண்டனைபோல. பேனாவைக் கீழே வைத்தேன். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"அத்தை, அன்னைக்கு நானும் அந்த வேதத்ததான் தேடுனேன். அத்தான் கையில வைக்கதுக்கு. அலமாரியில காணல. திரும்பிப் பாத்தா உங்க கையில இருக்கு. நீங்க ஒரு நிமிசம் பிந்தியிருந்தா, நாந்தான் வச்சிருப்பேன்."

"நெசமாவாட்டி?"

"நெசமாத்தான் அத்தை."

உங்களை அடக்கம் பண்ணிய அன்று அழாதவர்கள், பாஸ்டர் வீட்டு வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதார்கள். டேவிட் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் கூட்டாஞ்சோறு பொங்கினேன். அத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஷைனி இங்கே பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள். சந்தோஷமாகச் சேர்ந்தாள் என்று சொன்னால் பொய். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், தலை பின்னிவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தாள். பின்னிவிட்டேன்.

கருவி பீரோவில் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது திடீரென்று ஏதாவது எண் தோன்றும். ஈரக் கையோடு ஓடி எழுதி வைக்கிறேன், ஆனால் போட்டுப் பார்க்கத் துணிவில்லை. கள்ளனுக்குப் பயந்து அத்தனை காவல் வைத்தோமே, நம்மில் ஒருவர் திடீரென்று இல்லாமல் போனால் என்று ஏன் ஒரு தடவைகூடப் பேசவில்லை? என் மேல் கோபமா, அந்த இரண்டாவது அட்டைக்காக?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த நாணயத்தின் விலை நாளைக்கு எவ்வளவு ஏறினாலும், நமக்கு எவ்வளவு முடை வந்தாலும், உங்கள் அம்மா மடக்கி வைத்த விரல்களை நான் உயிரோடு இருக்கும்வரை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

உங்கள் மாமன் மகள்,
ஜெபா